நட்சத்திர மீனுக்குக் கண் எங்கே? கடற்கரைப் படநூல்களைப் பற்றிய இழை

மார்ச் 4, காலை (இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி)

என் மகளுக்கு ஆறு வயது. கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குவதைப் பற்றிய படநூல் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கைக்குக் கிடைத்த ஏழெட்டு நூல்களில் நட்சத்திர மீன் சிரிக்கிறது, நண்டு தொப்பி அணிந்திருக்கிறது, கடைசிப் பக்கத்தில் ஒரு குழந்தை வாளி நிறையக் கிளிஞ்சல்களோடு வீடு திரும்புகிறது. வண்ணங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நான் நேரில் பார்த்த கடற்கரை எந்தப் பக்கத்திலும் இல்லை. குழந்தைகளுக்கான நூலில் இதை எதிர்பார்ப்பது மிகையா?

மார்ச் 4, இரவு (பதில்; இனிவரும் குறிப்புகள் எல்லாம் இதே பதிலாளருடையவை)

மிகையில்லை. ஒரு நூலகத்தின் சிறுவர் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் படநூல்களை வாசித்துக் காட்டிவருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். நண்டின் தொப்பியை நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனெனில் நான்கு வயதுக் குழந்தைகூட அதை நம்புவதில்லை. நட்சத்திர மீனின் முகம் அப்படிப்பட்டதன்று. உடலின் நடுவே இரண்டு கண்களையும் ஒரு வாயையும் வரைந்துவிட்டால், அதன் உடல் அப்படித்தான் அமைந்திருக்கிறது என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. காய்ந்துபோன நட்சத்திர மீன் ஒன்றை ஒருமுறை வாசிப்பு நேரத்துக்கு எடுத்துச் சென்றிருந்தேன். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதன் கண்களை யார் எடுத்துவிட்டார்கள்?" என்று கேட்டான்.

கண்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒளியையும் நிழலையும் பிரித்தறியும் ஒரு சிறு கண்புள்ளி உண்டு. ஐந்து கைகள் என்றால் ஐந்து கண்கள். வாய் அடிப்புறத்தின் நடுவில் இருக்கிறது. இரைப்பையையே அந்த வாய் வழியாக வெளியே தள்ளி, சிப்பியின் சதையைச் செரித்து உண்ணும் இனங்கள் பல உண்டு. இதைச் சொன்னபோது அறையிலிருந்த குழந்தைகள் எல்லோரும் தங்கள் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு சிரிப்பை வரைந்த ஓவியர், இப்படிப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறார் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று. நட்சத்திர மீன் மீன் இனத்தைச் சேர்ந்ததன்று என்று எல்லா நூல்களும் ஒரு வரி எழுதிவிடுகின்றன. தமிழில் மீன் என்ற சொல்லுக்கே விண்மீன் என்ற பொருளும் உண்டு என்பதை எந்தத் தமிழ்ப் படநூலாவது சொல்லியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

மார்ச் 5

நேற்று முகத்தைப் பற்றியே எழுதிவிட்டேன். நீங்கள் குறிப்பிட்ட கடைசிப் பக்கத்து வாளிதான் உண்மையில் பெரிய கேள்வி. அதைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும்.

மார்ச் 7

வாளியைப் பற்றி எழுதுமுன் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கடற்கரையிலிருந்து அவள் கொண்டுவந்த பையில் முறுக்குள்ள சங்கு ஒன்று இருந்தது. வெளுத்து, ஓரம் உடைந்து, பார்த்தவுடன் வெறும் ஓடு என்றே தோன்றியது. மூன்றாம் நாள் அறையில் நாற்றம் எழுந்தது. உள்ளே ஒரு துறவி நண்டு இறந்து கிடந்தது. அவள் அழுதாள் என்று சொன்னால் போதாது. அந்தச் சங்கை மண்ணில் புதைத்துவிட்டு அடுத்த ஓராண்டு கடற்கரையில் எதையும் தொட மறுத்தாள்.

துறவி நண்டைப் பற்றிய படநூல் ஒன்றை அதற்கு முந்தைய வாரம்தான் நாங்கள் சேர்ந்து படித்திருந்தோம் என்பது இன்றும் உறுத்துகிறது. அந்த நூலில் நண்டு எப்போதும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, பெரிய கண்களோடு, எல்லோருடனும் பேசிக்கொண்டிருந்தது. அச்சம் ஏற்பட்டால் அது முழுவதுமாக உள்ளே சுருண்டு, பெரிய கொடுக்கினால் வாசலை அடைத்துக்கொள்ளும் என்று ஒரு பக்கத்தில் வரைந்திருந்தால், வெறுமையாகத் தோன்றும் ஓடு வெறும் ஓடாக இருக்க வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்கும். ஆகவே எந்தச் சங்கையும் எடுத்து நிமிர்த்தி, வாசலைப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் ஈர மணலில் வைத்துக் காத்திருந்து பாருங்கள் என்று இப்போதெல்லாம் பெற்றோர்களிடம் சொல்கிறேன்.

இதே நண்டிடம் ஓவியர்கள் விட்டுவைத்த இன்னொரு காட்சி இருக்கிறது. துறவி நண்டின் வயிற்றுப் பகுதி மென்மையானது. காப்புக்கு வேறோர் உயிர் விட்டுச்சென்ற ஓடு வேண்டும், உடல் வளர வளர இன்னும் பெரிய ஓடு வேண்டும். பெரிய வெற்று ஓடு ஒன்று கரையில் கிடந்தால் சில இனங்களின் நண்டுகள் அதைச் சுற்றிக் கூடி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக நிற்கின்றன. முதல் நண்டு புதிய ஓட்டுக்குள் புகுந்தவுடன் அது விட்ட ஓட்டில் இரண்டாவதும், இரண்டாவது விட்டதில் மூன்றாவதுமாக, சில நொடிகளில் வரிசை முழுவதும் வீடு மாறிவிடுகிறது. இரண்டு பக்கங்களை ஒன்றாக விரித்து வரைவதற்கென்றே அமைந்த காட்சி இது. நல்ல ஓடு கிடைக்காத கரைகளில் இவை பிளாஸ்டிக் மூடிகளைச் சுமந்து திரிகின்றன. அதையும் வரையலாம், எந்த விளக்கமும் எழுதாமல்.

மார்ச் 8, காலை

படநூல்களில் கடற்கரை எப்போதும் நண்பகலில்தான் இருக்கிறது. சூரியன் மேலே நிற்கிறது, நீர் பக்கத்தின் ஒரே உயரத்தில் நிற்கிறது. கடல் அப்படி ஒரு கணமும் நிற்பதில்லை. பெரும்பாலான கரைகளில், கடல்நீர் உச்சத்துக்கு ஏறும் உயர் ஓதம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. ஆகவே அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போனால் கடல் ஏறக்குறைய 50 நிமிடம் பின்தங்கியிருக்கும். நேற்று நடந்த மணல் இன்று நீருக்குள் இருப்பது ஏன் என்று கேட்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அதையொட்டிய நாள்களிலும் கடல் மிக மேலே ஏறி, மிகக் கீழே இறங்குகிறது. பாறைக் குழிகளைப் பார்க்க உகந்த நாள்கள் அவை. நிலவும் கடலும் ஒரே பக்கத்தில் வருவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் நூல் ஒன்று உண்டு. படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள் கொண்டவை. எல்லாப் பக்கங்களிலும் அதே கரை, அதே பாறை, அதே உயரத்தில் அதே தொடுவானம் இருக்க வேண்டும். புரட்டப் புரட்ட நீரின் விளிம்பு மட்டும் ஒரு விரல் அளவு பின்வாங்கிக்கொண்டே போக வேண்டும். சொற்களே வேண்டாம்.

நீர் பின்வாங்கியபின் கரையில் மிஞ்சும் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பொறுக்குபவர்களுக்கு அதுதான் கடற்கரை. உயர் ஓதம் எட்டிய எல்லையில் கடற்பாசி, இறகு, மரத்துண்டு, கணவாய் ஓடு எல்லாம் ஒரு வளைந்த கோடாகக் கிடக்கும். கணவாய் ஓட்டை எலும்பு என்று எழுதிவிட்டுக் கடந்துபோகும் நூல்கள், அதைக் குறுக்கே உடைத்தால் தெரியும் மெல்லிய அடுக்குகளை வரைவதில்லை. அந்த அடுக்குகளிலுள்ள வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் நீரில் மிதக்கும் அளவைச் சரிசெய்கிறது, இறந்தபின் அந்த ஓடு மிதந்து கரை சேர்வதும் அதனால்தான்.

அதே கோட்டில் கிடக்கும் "செத்த நண்டுகள்" பலவும் சாகாத நண்டுகள். நண்டு வளரும்போது பழைய ஓட்டின் பின்புறம் பிளந்து, அதன் வழியே பின்னோக்கி வெளியேறுகிறது. கால்களின் உறையும் கண்களின் மேல் உறையும்கூட அப்படியே விட்டுப்போகின்றன. எடுத்துப் பார்த்தால் எடையே இருக்காது, நாற்றமும் இருக்காது. என் மகள் மீண்டும் கரையில் ஒன்றைத் தொட்டது இதை அறிந்துகொண்ட பிறகுதான். "அப்படியானால் இந்த நண்டு எங்கோ இருக்கிறது" என்றாள்.

மார்ச் 8, இரவு

சங்கைக் காதில் வைத்தால் கேட்கும் ஒலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் இரத்தம் ஓடும் ஒலிதான் சங்கில் எதிரொலிக்கிறது என்று பல ஆண்டுகள் குழந்தைகளிடம் சொல்லிவந்தேன். ஒரு படநூலின் பின் அட்டையில் அப்படித்தான் இருந்தது. அது தவறு. சுற்றியிருக்கும் ஓசைகளில் சிலவற்றைச் சங்கின் உட்குழிவு வலுப்படுத்திக் காட்டுகிறது, அவ்வளவே. ஓசை அடங்கிய அறையில் சங்கின் ஒலியும் அடங்கிவிடும். ஓடிவிட்டு வந்து இரத்த ஓட்டம் விரைவானபின் வைத்தாலும் ஒலி கூடுவதில்லை. வெறும் கோப்பையைக் காதருகே வைத்தாலும் கடல் கேட்கும். இதைத் தெரிந்துகொண்டபின் பழைய குழந்தைகளில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் திருத்திச் சொன்னேன். அவர்களில் ஒருவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்; பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

மார்ச் 11

சங்கின் முறுக்கு எந்தப் பக்கம் போனால் என்ன, குழந்தைக்கா தெரியப்போகிறது என்ற கருத்துக்கு நான் உடன்பட மாட்டேன். வாசிப்பு நேரத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் கையிலிருந்த சங்கையும் படத்திலிருந்த சங்கையும் அருகருகே வைத்து, "இது கண்ணாடியில் பார்த்த சங்கு" என்றாள். படத்தைப் பக்கத்தின் அமைப்புக்காக வடிவமைப்பாளர் இடவலமாகத் திருப்பியிருக்க வேண்டும். முகத்துக்கும் மரத்துக்கும் அதனால் கேடில்லை, சங்குக்கு உண்டு. கூர்நுனி மேலேயும் வாய் நம்மை நோக்கியும் இருக்குமாறு பிடித்தால், மிகப் பெரும்பாலான கடல் நத்தைகளின் வாய் வலப்பக்கம் இருக்கும்.

பெரிய ஓவியர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1650இல் ரெம்பிராண்ட் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். தகட்டில் பார்த்தபடியே செதுக்கியதால் தாளில் பதிந்தபோது சங்கு திரும்பிவிட்டது. தம் பெயரை மட்டும் இடவலமாகத் திருப்பிச் செதுக்கியிருந்ததால் அது நேராகப் பதிந்தது. குழந்தைகளிடம் அந்தப் படத்தைக் காட்டித் தவறு எங்கே என்று கேட்டால் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உயிரியலாளர்கள் வலச்சுழி என்று சொல்லும் இயல்பான சங்கைத்தான் நாம் இடம்புரி என்கிறோம். நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கு அவர்களுக்கு இடச்சுழி. ஆங்கில நூலை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கடற்கரையிலுள்ள சங்குகள் எல்லாம் வலம்புரி ஆகிவிடும்.

மார்ச் 12

நேற்றைய குறிப்புக்குத் திருத்தம். இடப்பக்கம் வாய் கொண்ட சங்கு எல்லாம் அச்சுப் பிழை என்ற எண்ணம் ஏற்படும்படி எழுதிவிட்டேன். மெக்சிகோ வளைகுடாக் கரைகளில் கிடைக்கும் மின்னல் சங்குக்கு இடப்பக்க வாய்தான் இயல்பு. அந்தக் கரையைப் பற்றிய நூலில் அது அப்படி இருந்தால் ஓவியர் நன்றாகப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று பொருள்.

மார்ச் 15

கரை ஒதுங்கும் பொருள்களில் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் வாத்துகளின் கதை. 1992 ஜனவரியில் வட பசிபிக்கில் புயலில் சிக்கிய கப்பலொன்றிலிருந்து விழுந்த பெட்டகம் உடைந்து 28,800 குளியல் பொம்மைகள் கடலில் மிதந்தன. ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்து அவற்றில் சில அலாஸ்காவின் சிட்கா கரையில் ஒதுங்கத் தொடங்கின. கர்ட்டிஸ் எபஸ்மேயர் என்ற கடலியலாளர், கரையில் பொறுக்குபவர்கள் தந்த தகவல்களைத் தொகுத்து, கடல் நீரோட்டங்களைக் கணிக்க அவற்றைப் பயன்படுத்தினார். நான் வாசித்த கதை வடிவங்களில் எல்லாம் வாத்துகள் மட்டுமே மிதக்கின்றன. உண்மையில் நான்கு உருவங்கள் இருந்தன: மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு நீர்நாய் போன்ற பீவர். இதைச் சொன்னபின் குழந்தைகள் என்னிடம் கேட்பது தவளைகளைப் பற்றித்தான்.

பொம்மைகளுக்கு முன்பே விதைகள் இந்தப் பயணத்தைச் செய்துவந்திருக்கின்றன. சாம்பல் நிறக் கோலிக்குண்டு போன்ற கழற்சிக்காய் கடலில் மிதந்து பெருங்கடல் தாண்டி, அது முளைக்கவே முடியாத குளிர்நாட்டுக் கரைகளிலும் ஒதுங்குகிறது. டார்வின் 87 வகை விதைகளை உப்பு நீரில் ஊறவைத்துப் பார்த்தார். 28 நாள்களுக்குப் பிறகும் 64 வகைகள் முளைத்தன. புட்டிகளில் விதை மிதக்கும் அந்த மேசையை வைத்தே ஒரு படநூல் செய்யலாம். புட்டிக் கடிதக் கதைகளும் இருக்கின்றன; 1886இல் ஜெர்மானியக் கப்பலொன்றிலிருந்து எறியப்பட்ட புட்டி 2018இல் மேற்கு ஆஸ்திரேலிய மணலில் கிடைத்தது, அதனுள் இருந்த தாளில் நாளும் கப்பல் நின்ற இடமும் எழுதியிருந்தன.

பொம்மைகளைப் பற்றிய நூல்கள் கடைசி மூன்று பக்கங்களில் பிளாஸ்டிக் கேட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவதைக் கவனித்திருக்கிறேன். செய்தி உண்மையானது, அக்கறையும் உண்மையானது. ஆனாலும் அந்தப் பக்கங்கள் வந்தவுடன் குழந்தைகள் எழுந்து நடமாடத் தொடங்குகிறார்கள். உயர் ஓதம் விட்டுச்சென்ற கோட்டில் கிடக்கும் பல் துலக்கியையும் கயிற்றையும் சிப்பிக்கு அருகிலேயே, அதே கவனத்தோடு வரைந்திருந்த ஒரு நூலில், "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று அவர்களே கேட்டார்கள்.

மார்ச் 18

மேரி ஆனிங்கைப் பற்றிய படநூலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுங்கள். 1799இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸில் பிறந்து, குன்று சரியும் கரையில் தொல்லுயிர் எச்சங்களைப் பொறுக்கி விற்று வாழ்ந்தவர். பன்னிரண்டு வயதுவாக்கில் அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டை வெளிக்கொணர்ந்தார்கள். எல்லா ஓவியர்களும் அவருடைய நாய் ட்ரேயை வரைகிறார்கள். 1833இல் ஒரு நிலச்சரிவில் அது அவர் கண்ணெதிரே இறந்தது. அந்தச் சரிவிலிருந்து அவரும் மயிரிழையில்தான் தப்பினார். இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நான் வாசிக்கும்போது சேர்த்துச் சொல்கிறேன். குழந்தைகள் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, மழைக்குப் பிறகு குன்றடியில் நடக்கலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காகவாவது நாயின் சாவு நூலில் இருக்க வேண்டும்.

இதை எழுதும்போதே மார்ச் 7 குறிப்பில் ஓர் ஆபத்தான வரி இருப்பது நினைவுக்கு வந்தது. எந்தச் சங்கையும் எடுத்து நிமிர்த்திப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். வெப்பமண்டலக் கடல்களில் வாழும் கூம்புச் சங்குகள் நஞ்சு ஏற்றிய ஊசி போன்ற பல்லால் குத்தும். அவற்றில் சில மனிதரைக் கொல்லக்கூடியவை, அழகிய வரிகளும் அவற்றுக்குத்தான். நஞ்சுடைய நீல வளைய ஆக்டோபஸ் வெற்று ஓடுகளில் ஒளிந்துகொள்ளும் பழக்கமுடையது. நீருக்குள்ளும் ஈரக்குழியிலும் இருப்பதைக் கண்ணால் மட்டும் பாருங்கள். உயர் ஓதக் கோட்டுக்கு மேலே காய்ந்து கிடப்பதைப் பெரியவர் ஒருவர் முதலில் பார்த்தபின் குழந்தை எடுக்கட்டும். வண்ணக் கூம்புச் சங்கைக் குழந்தை நீரிலிருந்து எடுத்து நீட்டும் படத்தை நான் ஒரு நூலின் முகப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

மார்ச் 22

இப்போது வாளி. ஒரு குழந்தை எடுக்கும் கிளிஞ்சலால் கடல் குறைந்துவிடுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு குழந்தையால் குறையாது. ஸ்பெயினின் ஒரு கரையில் சுமார் முப்பது ஆண்டு இடைவெளியில் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளியானது: சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தார்கள், கரையில் கிடந்த ஓடுகள் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தன. பொறுக்குவது மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. கரையைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் அந்த ஓடுகள் பயனற்ற மிச்சங்கள் அல்ல. துறவி நண்டுக்கு அவை வீடு, பாசிக்குப் பற்றுக்கோடு, நாளடைவில் நொறுங்கி மணல்.

ஆகவே வாளியே கூடாது என்று எழுதத்தான் இந்த இழைக்கு வந்தேன். எழுத உட்கார்ந்தபோது மனம் மாறியது. எதையும் தொடாத அந்த ஓராண்டில் என் மகள் கடற்கரையில் என் அருகே நின்று கடலைப் பார்த்தாள், காலடியைப் பார்க்கவில்லை. கையில் ஒன்று இல்லாமல் குழந்தையின் கண் நிலைப்பதில்லை. ஒரு கிளிஞ்சல் போதும், ஆனால் அந்த ஒன்று வேண்டும்.

அவள் பின்னர் எடுத்த அந்த ஒன்று, ஒரு சிறு துளை உள்ள சிப்பி. கம்மல் போடுவதற்கு யாரோ துளைத்தது போல வட்டமாக, மேலே அகன்று உள்ளே குறுகி இருந்தது. நிலா நத்தை செய்த வேலை அது: மணலுக்கடியில் சிப்பியைப் பற்றிக்கொண்டு, அமிலம் கலந்த சுரப்பால் அதன் ஓட்டினை இளக்கி, அரம் போன்ற நாவால் மணிக்கணக்கில் தேய்த்துத் துளைத்து, உள்ளே இருந்ததை உண்டிருக்கிறது. முன்பு அழுத அதே பெண் இதைக் கேட்டு அழவில்லை. துளை வழியே ஒரு கண்ணால் கடலைப் பார்த்தாள். வாளிக்குப் பதிலாக இந்த ஒரு சிப்பியின் கதையை 32 பக்கங்களில் சொல்லும் நூலைத்தான் நான் உங்கள் மகளுக்குத் தேடுவேன்.

மார்ச் 29

கேட்டவரின் கேள்விக்கு இன்னும் நேராக விடை சொல்லவில்லை. நூலைக் கடையில் கையிலெடுத்தவுடன் நான் பார்ப்பது நட்சத்திர மீனின் நடுப்பகுதியை. அடுத்து, நீரின் விளிம்பு எங்காவது இடம் மாறுகிறதா என்பதை. பிறகு கடைசிப் பக்கத்தில் குழந்தையின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை. சங்கின் முறுக்கைப் பார்ப்பது என் தனிப்பட்ட பிடிவாதம், அதை உங்கள் மேல் சுமத்த மாட்டேன். ஒரு நூல் இவற்றில் ஒன்றில் தவறியிருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டாம். நூலையும் கரைக்கு எடுத்துச் சென்று, எது எங்கே மாறுபடுகிறது என்று மகளோடு சேர்ந்து பாருங்கள்.

ஏப்ரல் 6

மார்ச் 8இல் நான் விவரித்த, நீர் மட்டும் பின்வாங்கும் நூல் எங்கும் கிடைக்காததால் நானே செய்து பார்த்தேன். கனத்த தாள்களை மடித்துத் தைத்து, ஒரே பாறையையும் ஒரே தொடுவானத்தையும் ஒவ்வொரு பக்கத்திலும் நீர்வண்ணத்தில் வரைந்தேன். நீர் மட்டும் கீழே இறங்குகிறது, குழிகள் தெரிகின்றன, ஒரு துறவி நண்டு வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, பிறகு எழுந்து நடக்கிறது. ஓவியம் சுமார்தான்; ஒன்பதாம் பக்கத்தில் பாறை கொஞ்சம் நகர்ந்துவிட்டது, குழந்தைகள் உடனே காட்டிக்கொடுத்தார்கள். நேற்று வாசிப்பு நேரத்தில் கடைசிப் பக்கம் வந்ததும் நூலை மூடப்போனேன். முன்வரிசையில் இருந்த நான்கு வயதுப் பெண், "கடல் போய்விட்டதே" என்று சொல்லி நூலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரட்டி, முதல் பக்கம் வரை கடலைத் திரும்பக் கொண்டுவந்தாள்.